மூன்றாவது ஸ்டாப்

செத்துப்போனவரிடமிருந்து மிஸ்டு கால் வந்தபோது நான் ஒருவரின் தலையில் பாதியை வெட்டி முடித்திருந்தேன். இடது பக்கம் ஒழுங்காக இருந்தது, வலது பக்கம் புதர். கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவுக்கும் சீப்புகளுக்கும் நடுவில் என் போன் கிடந்தது. ஒரு ரிங். இன்னொரு ரிங். அத்தோடு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். திரையில் 'கண்டக்டரக்கா' என்று இருந்தது.

அக்காவை அடக்கம் செய்து ஒரு மழைக்காலமே கடந்துபோயிருந்தது. நானும் ஒரு பிடி மண் போட்டவன்தான்.

"என்னப்பா, கை அப்படியே நின்னுடுச்சு?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

பயம் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சுத்தப் பொய். தெருவில் ஒரு காக்காய்கூட இல்லாத, வெயில் வெள்ளையாக விழுந்து கிடக்கிற மத்தியானத்தில் வருகிற பயத்துக்கு ஈடே கிடையாது. விளக்கைப் போட்டு விரட்டவும் முடியாது. என் கையில் கத்தரிக்கோல் ஆடியது. அவர் காது தப்பித்தது அவர் செய்த புண்ணியம்.

இது புரிய வேண்டுமானால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் சலூனில் 'இங்கே அரசியல் பேசக் கூடாது' என்று ஒரு பலகை தொங்கும். எனக்கு அந்தப் பலகை ரொம்பப் பிடிக்கும். கையில் சவரக்கத்தி வைத்திருக்கிறவன் எதிரில் இருப்பவனோடு வாக்குவாதம் செய்தால் யாருக்கு நல்லது? ஒருநாள் கண்டக்டர் உடுப்போடு, விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். ஆண்கள் முடிவெட்டுகிற கடை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் காலை ஒடுக்கிக்கொண்டார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார், பலகையைக் கழற்றித் திருப்பினார், பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி மறுபடி மாட்டினார். 'நம்ம ஆஸ்பத்திரிய மூடப் போறாங்க. கையெழுத்து போட்டுட்டு முடி வெட்டிக்கோங்க.'

"அக்கா, இது என் கடை" என்றேன்.

"தெரியுதே. கண்ணு நல்லாத்தான் இருக்கு. தம்பி, உன் கடைக்கு வர்றவன் எவனும் நடுவுல எழுந்து ஓட முடியாது, கழுத்துல துணியக் கட்டி வச்சுடறே. ஓடற பஸ்ஸுலேர்ந்து எவனும் குதிக்க முடியாது, கதவ நான் சாத்தி வச்சுடறேன். இந்த வேலைக்கு நம்ம ரெண்டு பேரை விட்டா ஆள் ஏது?"

ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொல்வது தெருமுனையில் உள்ள சுகாதார நிலையத்தை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மூன்று கட்டில். அதை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிட்டு, இடத்தை விற்றுவிட நகரசபை நினைத்தது. என் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. அது வருகிற நாட்களில் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போவேன். முகத்தில் மூடியை மாட்டி, அந்தச் சின்ன மெஷினிலிருந்து புகை மருந்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நெடுஞ்சாலையைத் தாண்டிப் போவதற்குள் அவள் உதடு நீலமாகிவிடும். எனக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான், அவள் உதடு. பலகையைத் திருப்பி மாட்டாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

அப்படித்தான் அக்காவிடம் மாட்டினேன். வேலை வாங்குவதில் மகா கெட்டிக்காரர். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகும்போது, "கேட்ட கேள்விக்குப் பதில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, புளுகாதே" என்பார். வார்டு உறுப்பினர் வீட்டில் இல்லை என்று சொன்னால், "பரவால்ல, வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோம்" என்று வாசலில் உட்கார்ந்துவிடுவார். உள்ளே இருந்த உறுப்பினர் கடைசியில் பசி தாங்காமல் வெளியே வந்திருக்கிறார். நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் போய் உட்காரலாம் என்பதே எங்களுக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். முறைபோட்டுப் போய் உட்கார்ந்தோம். சும்மாதான். வாயே திறக்க மாட்டோம். ஆனால் பின்னால் ஆள் உட்கார்ந்து பார்க்கும்போது பேசுகிறவனுக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது.

அக்கா செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மிஸ்டு கால் ஏற்பாடு. திடீரென்று லாரியைக் கொண்டுவந்து சாமான்களை ஏற்றிவிட்டால் எல்லோரையும் எப்படிக் கூப்பிடுவது? அதற்காக எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஒரு ஸ்டாப் ஆக்கினார். முதல் ஸ்டாப் ஆயாம்மா. சுகாதார நிலையத்தைப் பெருக்கித் துடைப்பவர், எதுவும் அவர் கண்ணில்தான் முதலில் படும். இரண்டாவது ஸ்டாப் மருந்துக்கடைக்காரர். அவரை எல்லோரும் மாத்திரை என்றே கூப்பிடுவோம். மூன்றாவது ஸ்டாப் அக்கா. நான்காவது நான். எனக்கு அடுத்து தையல்காரம்மா. அப்படியே தெருக்கோடி வரைக்கும் போகும். உங்களுக்கு ரிங் வந்தால் அடுத்த ஸ்டாப்புக்கு இரண்டு ரிங் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட வேண்டும். யாரும் போனை எடுக்கக் கூடாது.

"எடுத்தா பேச்சு வளரும். சமையல் ஆச்சான்னு கேப்பே. அதுக்குள்ள அவன் கட்டிலத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்பார் அக்கா.

ஒத்திகைகூடப் பார்த்தோம். எந்த நேரம் ஆயாம்மா ஆரம்பித்தாலும் அக்காவின் ஸ்டாப்பில் தாமதமே இருக்காது. கூட்டம் பிதுங்குகிற பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே இந்த அம்மாவால் எப்படி முடிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் நடந்துடும்" என்று சிரித்தார்.

மூடுகிற பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும்போதே நகரசபை ஒரு வேலை செய்தது. டாக்டர் இனி காலையில் மட்டும் வருவார் என்று அறிவித்தது. அதன் பிறகு ஒரு மத்தியானம், டூட்டி முடிந்து இறங்கிய அக்கா சுகாதார நிலையத்துக்கு எதிரே உள்ள பஸ் ஸ்டாப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே நிழல்கூடக் கிடையாது. எந்தக் கதவுக்காக அத்தனை நாள் தொண்டை வறளக் கத்தினாரோ அந்தக் கதவு எதிரிலேயே பூட்டியிருந்தது. ஆயாம்மா கையில் சாவி இருந்தது. சாவியை வைத்து என்ன செய்வது? நெடுஞ்சாலையில் வண்டிகள் நடுவே மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸில் அக்கா போய்ச் சேர்ந்தார்.

அக்காவின் கணவரை எங்களில் பலர் அன்றுதான் முழுசாகப் பார்த்தோம். மின்விசிறி மோட்டார், தண்ணீர் மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டுகிறவர். வீட்டு முன்னறையே அவர் பட்டறை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் குனிந்த தலை தெரியும். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் கருகிவிடுமாம். நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை தவறிவிடும், எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டும். அதனால் யார் பேசினாலும் கையை மட்டும் தூக்கிக் காட்டுவார், பேசாதே என்று. அக்காவின் வேலைகள் எதிலும் அவர் தலையிட்டதில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

அடக்கத்தன்று திரும்பிப் பார்த்தார். "ஊரை ரிப்பேர் பண்றோம்னு அவளை இழுத்துக்கிட்டு அலைஞ்சீங்க. நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு மாசமா சொல்லிக்கிட்டிருந்தா. கையெழுத்து வாங்க நேரமிருந்துச்சு, டாக்டரைப் பாக்க நேரமில்ல. இனிமே உங்கள்ல ஒருத்தரும் என் வாசல்ல கால் வைக்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். 

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தோம், அல்லது செய்யாமல் விட்டோம். வரிசையை மாற்றவில்லை. மூன்றாவது ஸ்டாப் காலி என்பது எல்லோருக்கும் தெரியும். மாத்திரை இனி நேராக எனக்கு ரிங் கொடுக்கட்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால் அக்கா இல்லை என்று சொன்னது போலாகும். அடுத்தவர் சொல்லட்டும் என்று ஆளாளுக்கு இருந்துவிட்டோம்.

இப்போது அந்த மத்தியானத்துக்குத் திரும்புகிறேன். கை கால் ஓடவில்லை. ஆனால் விரல் தானாகவே தையல்காரம்மாவின் எண்ணைத் தேடி இரண்டு ரிங் கொடுத்துவிட்டது. பழக்கம் பயத்தைவிடப் பெரியது போலிருக்கிறது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடினேன். நாற்காலியில் இருந்தவர் கழுத்துத் துணியோடு, பாதித் தலையோடு, "யோவ்! யோவ்!" என்று என் பின்னாலேயே ஓடிவந்தார். அவருக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் வாசலில் அன்று முதலில் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

லாரி நின்றுகொண்டிருந்தது. கட்டில்கள் ஏறிவிட்டன. என் மனைவியின் புகை மருந்து மெஷின் ஒரு அட்டைப்பெட்டியில், வயர் வெளியே தொங்க, லாரியின் விளிம்பில் இருந்தது. ஆயாம்மா முன்சக்கரத்துக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாத்திரை வந்தார். தையல்காரம்மா ஊசி குத்திய துணியோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் தெரு நிறைந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. சபைத் தீர்மானத்தின் நகல் எங்கே என்று மட்டும் கேட்டோம், அக்கா சொல்லிக்கொடுத்தபடி. லாரியோடு வந்த நகரசபை அதிகாரி யாரிடமோ போனில் பேசினார். வியர்வையைத் துடைத்தார்.

"இந்த நேரத்துல தெருவுல ஆளே இருக்காதுன்னாங்களே. யாருய்யா உங்களுக்குச் சொன்னது?" என்றார்.

கட்டில்கள் திரும்ப இறங்கின. என் மனைவியின் மெஷினை நானே என் கையால் உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

லாரி போன பிறகுதான் மாத்திரை என் பக்கத்தில் வந்தார். பேயறைந்தது போல இருந்தார். "நான் உனக்கு ரிங் குடுக்கலையே. பதட்டத்துல பழக்கதோஷத்துல அக்கா நம்பரைப் போட்டுட்டேன். போட்ட பிறகுதான் உறைச்சுது. சரி, போச்சு, அறுந்துபோச்சுன்னு நினைச்சுக்கிட்டே ஓடியாந்தேன். உனக்கு யாரு குடுத்தா?"

போனைக் காட்டினேன். தையல்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்த மனுஷன் குடுத்திருப்பாரோ?" என்றேன்.

"அவரா? நம்மளப் பாத்தா எதிர்ப்பக்கம் போறாரு. போனை அக்கா கூடவே வச்சு அடக்கம் பண்ணிட்டாங்கன்னு ஆயாம்மா சொன்னாங்களே" என்றார் தையல்காரம்மா.

அவ்வளவுதான், தெருவுக்குள் அது காட்டுத்தீயாகப் பரவியது. அன்று வாசலில் விசில் சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். யாரும் விசில் ஊதவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கும் கேட்ட மாதிரிதான் இருந்தது.

அதன் பிறகு கடையில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி வைத்த கடை. ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனையோ கடைகள் தெரியும், எத்தனையோ நான் தெரிவேன். அந்தக் கூட்டத்தில் காக்கிச் சட்டை ஒன்று நகர்ந்ததாக அடிக்கடி தோன்றும். ஒருநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து, வருவது வரட்டும் என்று அக்காவின் எண்ணுக்கு நானே போன் போட்டேன். மண்ணுக்குள் போன போன் எப்படி அடிக்கும் என்று நினைத்தேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. போனை எடுக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம் அல்லவா? செத்த பிறகும் சட்டத்தை மீறவில்லை என்று நினைத்துக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டாவது முறை ரிங் வந்தது ஒரு காலை வேளையில். நகரசபைக் கூட்டத்தைச் சத்தமில்லாமல் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று ஆயாம்மா காதில் விழுந்துவிட்டது. நான் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அக்காவின் பெயர். வாயில் நுரையோடு, "தோ வர்றேன்க்கா" என்றேன்.

என் மனைவி பின்னால் நின்றிருந்தாள். "யாருக்குப் பதில் சொல்றீங்க?"

"யாருக்கும் இல்ல."

"எனக்குப் பயமாயிருக்குங்க. போனவங்க நிம்மதியாப் போயிருக்கணும். இப்படி வேலை பாத்துக்கிட்டே இருந்தா அவங்களுக்கு ஓய்வு எப்ப?"

மாத்திரை மறுபடியும் அக்கா நம்பருக்கே ரிங் கொடுத்ததை ஏன் தடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, அந்த ரிங் வேண்டும் என்றும் இருந்தது. அக்கா இல்லாமல் நாங்கள் ஒன்றுக்கும் ஆகாதவர்கள் என்று உள்ளூர ஒரு நினைப்பு இருந்தது. திரையில் அந்தப் பெயர் வரும்போது தோளைத் தட்டி எழுப்பியது போல இருக்கும். அந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டிக் கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். கேட்க எனக்கு மனமில்லை.

மாத்திரைக்குத்தான் தாங்கவில்லை. தையல்காரம்மா கடையில் எல்லோரும் கூடியபோது கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு ராத்திரி தூக்கமில்ல. செத்தவங்களுக்கு ரிங் குடுக்கற வேலைய என்கிட்ட குடுக்காதீங்க. நான் நேரா இவனுக்கே குடுத்துடறேன்."

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. கைதூக்கச் சொன்னார்கள். என் கை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. எதையும் எல்லோரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததும் அக்காதான், என்ன செய்வது? அன்றோடு மூன்றாவது ஸ்டாப் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டது.

அடுத்த முறை ரிங் வந்தபோது திரையில் 'மாத்திரை' என்று இருந்தது. நெஞ்சு லேசானது, கூடவே எதையோ தொலைத்தது போலவும் இருந்தது. அது கடைசிக் கூட்டம். பொதுமக்கள் இருக்கை நிரம்பி, நடைபாதை நிரம்பி, படிக்கட்டு வரைக்கும் ஆள். எங்கள் வார்டு உறுப்பினர், அன்று பசியில் வெளியே வந்த அதே மனிதர், பின்னால் திரும்பி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு எங்கள் பக்கம் கைதூக்கினார். சுகாதார நிலையம் இருந்த இடத்திலேயே இருக்கும், டாக்டர் முழு நேரமும் இருப்பார் என்று தீர்மானம் நிறைவேறியது. என் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அழுகையில் மூச்சிரைத்தது. இரைத்தால் இரைக்கட்டும், போக இடம் இருக்கிறது என்று சிரித்தாள்.

அதற்கடுத்த வாரம், அதே மாதிரி ஒரு வெள்ளை மத்தியானம், கடை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். கண்ணாடிகளுக்குள்ளே எல்லாக் கடைகளின் வாசலிலும் அவர் நின்றிருந்தார். காயில் கட்டுகிறவர், அக்காவின் கணவர். முடி காதை மூடி வளர்ந்திருந்தது. வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துணியைக் கட்டினேன். அதை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் முடிகிற வரைக்கும் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்.

"போன வாரம் கூட்டமாமே."

"ஆமாம் மாமா."

"எல்லாரும் போனீங்களாமே."

"ஆமாம்."

"எனக்கு ரிங் வரலையே தம்பி."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"நான் போனைப் பக்கத்துலயே வச்சிருந்தேன். சார்ஜ் இருந்துச்சு, சிக்னல் இருந்துச்சு. எடுத்து எடுத்துப் பாத்தேன். வரல." குரலில் கோபமில்லை. தொலைந்துபோன பையன் வீட்டுக்கு வழி கேட்கிற மாதிரி கேட்டார். "நான் எதாவது தப்பாப் பண்ணிட்டேனா? லேட்டாக் குடுத்துட்டேனா?"

"மாமா... நீங்களா குடுத்தீங்க?"

"பின்ன? எப்பவும் நான்தானே குடுப்பேன். டூட்டியில போன் வச்சிருந்தா சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. அவ போன் எப்பவும் வீட்டுலதான் கிடக்கும், என் பட்டறை மேசையில. 'ரெண்டு தடவை அடிச்சா இந்த நம்பர்ல ஒரு அழுத்து அழுத்துங்க, ரெண்டு அடிச்சதும் நிறுத்துங்க, வேற ஒண்ணும் நீங்க செய்ய வேணாம்'னு சொன்னா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். பாதிச் சுத்துல மணி அடிக்கும், எண்ணிக்கை போயிடும். எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி சுத்துவேன். ஒத்திகைன்னு வேற உயிரெடுத்தீங்க. எத்தனை மோட்டார் போச்சு தெரியுமா உங்களால?"

அக்கா உயிரோடு இருந்தபோது வந்த ரிங்குகள், பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே கொடுக்கிறார் என்று நான் வாய்பிளந்த அத்தனையும், எங்களைத் திரும்பியும் பார்க்காத இந்த மனிதரின் விரலிலிருந்து வந்தவை.

"எங்க மேல கோபம்னு சொன்னீங்களே மாமா. வாசல்ல கால் வைக்காதீங்கன்னு..."

"கோபம் உங்க மேல. இப்பவும்தான் இருக்கு. மணி அவளோடதாச்சே." துணிக்குள்ளிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தில் முடி ஒட்டிக்கொண்டது. "அவ போன பிறகு அந்த போனுக்கு வேற யார் கூப்பிடறா? சொந்தக்காரங்க எல்லாம் ஒரு வாரத்துல நிறுத்திட்டாங்க. டிப்போவுல பேரை எடுத்துட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் சுத்திக்கிட்டிருக்கேன், திடீர்னு மணி. ரெண்டு தடவை. எனக்கு உடம்பே ஆடிப்போச்சு. அப்புறம் பழையபடி எரிச்சல் வந்துச்சு பாரு, எண்ணிக்கை போச்சேன்னு. அந்த எரிச்சல் வந்ததும்தான் தம்பி எனக்கு நல்லா இருந்துச்சு. அவ டூட்டிக்குத்தான் போயிருக்கா, சாயங்காலம் வந்துடுவான்னு இருந்துச்சு."

அவர் தோளில் விழுந்த முடியைத் தட்டிவிட்டேன்.

"நடுவுல ஒருநாள் ரொம்ப நேரம் அடிச்சுது. நிக்கவே இல்ல. அதுல உன் பேர் வந்துச்சு. எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா, எடுக்கல. மூலையில போய் நின்னுக்கிட்டேன். ரெண்டுக்கு மேல அடிச்சா யாரு பேசப் போறாங்களோன்னு பயந்து செத்தேன்."

நாங்கள் இத்தனை நாள் பேய் என்று பயந்துகொண்டிருந்தது இவரை. இவர் வீட்டில் நாங்கள்தான் பேயாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"போன வாரம் மணி வரல" என்றார். "ஜன்னல் வழியாப் பாக்கறேன், எல்லாரும் ஓடறீங்க. ஆயாம்மா ஓடுது, மருந்துக்கடைக்காரர் ஓடறார், நீ ஓடறே. போனைப் பாக்கறேன். சும்மாக் கிடக்கு. அடக்கம் பண்ணப்பகூட எனக்கு அப்படி இல்ல தம்பி. அப்பத்தான் அவ செத்துட்டான்னு தெரிஞ்சுது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கலாம், எதற்கென்று கேட்பது? ஜெயித்துவிட்டோம். இனி லாரி வராது, யாரும் யாருக்கும் ரிங் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வெற்றி முதன்முதலாக எனக்குக் கசந்தது.

போனை எடுத்தேன். விதியை மீறி மாத்திரையிடம் நேராகவே பேசினேன். "அக்கா நம்பருக்கு ரெண்டு ரிங் குடு."

"உனக்கென்ன பைத்தியமா? நான் மாட்டேன்."

"குடுடா. கண்ணை மூடிக்கிட்டுக் குடு."

கடைக்குள் மின்விசிறி மட்டும் சுற்றியது. அதற்கும் இவர்தான் ஒரு காலத்தில் காயில் கட்டியிருப்பார். துணிக்கு அடியில், அவர் சட்டைப்பையில், மணி அடித்தது. ஒரு ரிங். இன்னொரு ரிங். அவர் நிமிர்ந்தார். அவசரமாகத் துணியை விலக்கிப் போனை எடுத்து, தடித்த விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில், என் போன் அடித்தது. இரண்டாவது ரிங்கில் அவர் நிறுத்தினார். திரையில் 'கண்டக்டரக்கா'.

நான் தையல்காரம்மாவுக்குக் கொடுத்தேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை.

முதலில் மாத்திரை மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிய மற்றவர்கள் அங்கே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு என் கடைக்கு ஓடிவந்தார்கள். தையல்காரம்மா, ஆயாம்மா, என் மனைவி, தெருக்கோடிக்காரர்கள். உள்ளே இடமில்லை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவரும் கண்ணாடி வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அழுத்தில் தான் இத்தனை நாள் யாரையெல்லாம் ஓடவைத்தோம் என்று அப்போதுதான் பார்க்கிறார்.

"இத்தனை நாளும் ரிங் குடுத்தது மாமாதான்" என்றேன்.

மாத்திரை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, இப்ப எதுக்கு ரிங்? யாரு என்ன பண்ணாங்க?" என்றார் ஆயாம்மா. தெருவே என் வாயைப் பார்த்தது. காரணமில்லாமல் கூட்டம் கூட்டினால் அக்கா காதைத் திருகியிருப்பார். வாசல் வழியாகத் தெருமுனை தெரிந்தது. சுகாதார நிலையத்துக்கு எதிரே, அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்த வெட்டவெளி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

"பஸ் ஸ்டாப்" என்றேன். "அங்க ஒரு கூரை போட வைக்கணும். ஒரு பெஞ்சு. நகரசபைக்கு மனு குடுக்கணும், கையெழுத்து வாங்கணும், மறுபடி போய் உக்காரணும். லேசுல குடுக்க மாட்டானுங்க. நாளாகும்."

"நாளாகட்டும்" என்றார் தையல்காரம்மா. மாத்திரை தரையில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். ஒவ்வொரு கையாக எழுந்தது. யாரும் எண்ணவில்லை.

அக்காவின் கணவர் கழுத்துத் துணியை அவரே அவிழ்த்து, உதறி, மடித்து நாற்காலியில் வைத்தார். இடது பக்கம் ஒழுங்காக இருந்தது, வலது பக்கம் புதர்.

"மாமா, இன்னும் பாதி இருக்கு. உக்காருங்க" என்றேன்.

"அப்புறம் வர்றேன். மணி அடிச்சா வீட்டுல ஆள் வேணும்ல" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் வேகமாக நடந்து போனார்.